பசுத்தோலில் தொடங்கும் வியாபாரம்

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டுக்குள் புதிதாக நுழைபவர் சம்பாதிக்கும் முதல் சொத்து பெரும்பாலும் பசுத்தோல்தான். திரையில் அந்த விளையாட்டைப் பார்த்திராத நேயர்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். லம்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர், அதில் ஒரு கோட்டை. ஆற்றைத் தாண்டினால் வேலி போட்ட மேய்ச்சல் நிலம். வந்தவர் கையில் வெண்கல வாளும் மரக்கேடயமும் இருக்கும். மாட்டை அடித்தால் எலும்பு, இறைச்சி, தோல் மூன்றும் தரையில் விழும். டிராகனை வீழ்த்தி வீரப்பட்டம் வாங்கலாம் என்று வந்தவர், குனிந்து தோல் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

பையில் 28 இடம்தான். அது நிறைந்ததும் வங்கிக்கு நடக்க வேண்டும், திரும்ப வர வேண்டும். அல் கரிட் என்ற பாலைவன ஊருக்குப் போனால் ஒரு காசுக்கு ஒரு தோலைப் பதனிட்டுக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த ஊர் வாசலில் 10 காசு சுங்கம். பச்சைத்தோலாகவே விற்பதா, சுங்கமும் கூலியும் கொடுத்துப் பதமாக்கி விற்பதா? எந்த ஆசிரியரும் சொல்லித்தராமலே புதியவர் முதல் வரவு செலவுக் கணக்கை அங்கே போட்டுவிடுகிறார்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோவர் தம் சகோதரருடன் உருவாக்கிய இந்த விளையாட்டு 2001 ஜனவரியில் வெளிவந்தது. பின்னர் ஜேகெக்ஸ் நிறுவனம் அதை நடத்தியது. விலை கொடுத்துக் குறுந்தகடு வாங்க வேண்டியதில்லை, இணைய உலாவியிலேயே ஓடியது. பழைய கணினி வைத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் உலகெங்கும் இதில் குவிந்ததற்கு அதுவே போதுமான காரணம். 2007-ம் ஆண்டு வடிவத்தையே திரும்பத் தரச் சொல்லி ரசிகர்கள் கேட்க, வாக்கெடுப்பு நடத்தி 2013 பிப்ரவரியில் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்று தனியாகத் திறந்தார்கள். இன்று புதியவர்கள் அதிகம் இறங்குவது அந்தப் பழைய ஊரில்தான். 2018 முதல் கைபேசியிலும் கிடைக்கிறது.

லெவல் ஏற்றும் கணக்கு ஒரு தனி வேடிக்கை. மரம் வெட்டுதல், மீன் பிடித்தல், சுரங்கம் தோண்டுதல், சமையல், கொல்லுவேலை என்று இருபதுக்கும் மேற்பட்ட திறன்கள் உண்டு. பெரும்பாலானவை 1-ல் தொடங்கி 99 வரை போகும். முதல் படி ஏற 83 அனுபவப் புள்ளிகள் போதும், சில நிமிட வேலை. வாணவேடிக்கையோடு வாழ்த்து வரும். அந்தச் சுலபத்தில் மயங்கியவருக்கு, 99-ஐத் தொட 1 கோடியே 30 லட்சத்து 34 ஆயிரத்து 431 புள்ளி வேண்டும் என்பது பிறகுதான் தெரியவரும். அதைவிடக் குறும்பான விஷயம், 92-ம் லெவலில் நிற்பவர் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். சுமார் ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. 60-ம் லெவலில் வெட்டக் கிடைக்கும் யூ மரத்தில் ஒரு கட்டைக்கு 175 புள்ளி. அந்த ஒரே மரத்தை நம்பி ஒன்றாம் படியிலிருந்து உச்சிவரை போக முடிந்தால்கூட, எழுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகள் வெட்ட வேண்டியிருக்கும்.

இது சலிப்பான வேலைதானே என்றால், ஆமாம், சலிப்புத்தான். 'கிரைண்ட்' என்றே ஆட்டக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் வியாபாரக் கலையே இந்தச் சலிப்பின் மேல்தான் நிற்கிறது. உருக்குப் பாளம் ஒன்றுக்கு ஓர் இரும்புத் தாதும் இரண்டு நிலக்கரியும் வேண்டும். இரும்பு தோண்டச் சுரங்கத் திறன் 15, நிலக்கரிக்கு 30. கொல்லுவேலை பழகுகிறவருக்கு மலை மலையாக நிலக்கரி தேவை, தானே தோண்டப் பொறுமை இல்லை. இன்னொருவர் பாட்டுக் கேட்டபடி நாள் முழுக்கத் தோண்டத் தயார். ஒருவரின் அலுப்பை மற்றவர் விலைக்கு வாங்குகிறார். உழைப்பில்லாமல் எல்லாம் கிடைக்கும் விளையாட்டுகளில் சந்தை உயிரற்றுக் கிடப்பது இதனால்தான்.

தொடக்க ஆண்டுகளில் அந்தச் சந்தை வாராக் நகர வங்கி வாசலிலும் ஃபாலடோர் பூங்காவிலும் கூடியது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசுவார்கள். இங்கே எல்லாம் நேர்மாறு. நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் நின்று, மின்னும் எழுத்திலும் அலை அலையாக நெளியும் எழுத்திலும் சரக்கின் பெயரைக் கூவிக்கொண்டிருப்பார்கள். விலைப்பட்டியல் கிடையாது. ஆள் முகம் பார்த்து, பேரம் பேசி, மறுத்து நடந்து, திரும்ப அழைக்கப்பட்டு விற்க வேண்டும்.

ஏமாற்றுக்காரர்கள் அங்கே வராமல் இருப்பார்களா? 'கவசத்தைக் கொடு, தங்கக் கரை போட்டுத் தருகிறேன்' என்பார் ஒருவர். அப்படிக் கரை போடும் தொழிலே ஆட்டத்தில் கிடையாது. 'பணத்தைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்பார் இன்னொருவர். கடைசி நொடியில் விலையுயர்ந்த பொருளை எடுத்துவிட்டு, பார்க்க அதைப் போலவே இருக்கும் மலிவான ஒன்றை வைப்பவரும் உண்டு. அதற்கு மருந்தாக வந்ததுதான் இரண்டாவது உறுதித் திரை. என்ன கொடுக்கிறோம், என்ன பெறுகிறோம் என்பதைப் பெயரோடும் எண்ணிக்கையோடும் எழுத்தில் காட்டி, இருவரும் மறுபடி சம்மதித்தால்தான் கைமாறும். பிரமாண்டமான டிராகன்களையும் மாயாஜாலத்தையும் விட, இந்த எளிய சாம்பல்நிறப் பெட்டியே இந்த விளையாட்டின் ஆகச் சிறந்த வடிவமைப்பு.

மதிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதற்குக் காகிதத் தொப்பியை விட நல்ல சாட்சி இல்லை. 2001 கிறிஸ்துமஸில் வெடிப்பெட்டிகளை விளையாட்டு உலகெங்கும் தூவினார்கள். இருவர் பிடித்து இழுத்தால் ஒருவருக்கு வண்ணக் காகிதத் தொப்பி கிடைக்கும். போரில் அதனால் எள்ளளவும் பயன் இல்லை. பலர் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். மூல விளையாட்டில் அதன்பின் அது மறுபடி அப்படித் தூவப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு பையில் வைக்கக்கூடிய உச்சபட்சக் காசான 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-ஐயும் தாண்டி அதன் விலை ஏறியது. வியாபாரப் பெட்டிக்குள் அடங்காத விலை!

விளையாட்டுத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகியபோது சிக்கல் முற்றியது. திருட்டுக் கடனட்டைகளில் சந்தா கட்டி, கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். 2007 நவம்பரில் 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற பொதுச் சந்தை வந்தது, 2008 ஜனவரியில் தாராள வியாபாரம் நிறுத்தப்பட்டது. நண்பருக்கு ஒரு வாளை இனாமாகக் கொடுக்கக்கூட வரம்பு. பலர் கோபித்து வெளியேறினார்கள். பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 91 விழுக்காடு ஆதரவு கிடைத்தபின், 2011 பிப்ரவரியில் பழைய சுதந்திரம் திரும்பியது.

ஓல்டு ஸ்கூல் ஊருக்கு அந்தப் பொதுச் சந்தை வந்தது 2015-ல். விற்பவர் விலை குறித்துவிட்டுப் போகலாம், வாங்குபவர் வேறொரு நேரத்தில் வரலாம், கணினி பொருத்திவைக்கும். ஒரே ஆள் சரக்கை முழுக்கப் பதுக்கிவிடாதபடி நான்கு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு. விற்பவரிடம் 2021 முதல் 1 விழுக்காடு வரி பிடித்தார்கள், 2025-ல் அது 2 ஆனது. புதியவர் ஏமாறும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது நிச்சயம். கூடவே பேரப்பேச்சும் போய்விட்டது. இன்று விலை என்பது ஒரு வரைகோடு. அதைப் பார்த்துக் குறைந்த நேரத்தில் வாங்கி, கூடிய நேரத்தில் விற்கும் 'ஃபிளிப்பிங்' கலைஞர்களுக்கு மனிதர் முகமே தேவையில்லை. பாதுகாப்பும் வசதியும் கூடியதை ஒப்புக்கொண்டாலும், வாராக் வாசல் கூச்சலை இழந்தது இழப்புத்தான்.

மாய வித்தையும் சந்தையைத் தாங்குகிறது. மந்திரத் திறன் 55-ஐ எட்டியவர், பொருளைக் காசாக மாற்றும் ஒரு மந்திரத்தைப் போடலாம். அடிப்படை மதிப்பில் 60 விழுக்காடு கைக்கு வரும். எனவே பல கவசங்களின் விலை அந்தத் தளத்துக்கு வெகுவாகக் கீழே இறங்குவதில்லை.

இந்தச் சந்தைத் தங்கம் நிஜ வீடுகளையும் தாங்கியிருக்கிறது. வெனிசுவேலாவில் பணவீக்கம் நாட்டு நாணயமான பொலிவாரைக் கரைத்த ஆண்டுகளில், அங்கே பலர் பச்சை டிராகன்களை வேட்டையாடித் தங்கம் சேர்த்து, விதிக்குப் புறம்பாக விற்று வீட்டுச் செலவைப் பார்த்தார்கள் என்பது பத்திரிகைகளில் பதிவான செய்தி. வேடிக்கை பார்க்க வந்த இளைஞர் ஒருவருக்கு அவர்களும் சக ஆட்டக்காரர்கள்தான்.

வியாபாரமே வேண்டாம் என்பவர்களுக்காக 2014-ல் 'அயர்ன்மேன்' முறை வந்தது. அதில் யாரோடும் கொடுக்கல் வாங்கல் கூடாது, வில்லுக்கு நாண் வேண்டுமென்றால் ஆளிச்செடியைத் தானே பறித்துத் தானே நூற்க வேண்டும். மிகவும் மதிக்கப்படும் தவம் அது. ஆனால் முதல்முறை வருகிறவர் அதைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டத்தின் பாதியைப் பார்க்காமலே போய்விடுவார். சில மாதங்கள் சந்தையில் நஷ்டப்பட்டுவிட்டு, அப்புறம் போகட்டும்.