மீன்தொட்டி நத்தையும் இல்லறத்தார் கடமையும்

 

சேலம், நாமக்கல் வட்டாரத்து இல்லங்களில் கண்ணாடி மீன்தொட்டி இன்று அரிய பொருள் அன்று. கடையில் வாங்கிய நீர்ச்செடி ஒன்று அதில் நடப்படுகிறது. சில வாரங்களில் மிளகளவு நத்தைகள் கண்ணாடியில் ஊர்கின்றன. இரண்டு மூன்று திங்களில் அவை எண்ணில் அடங்காமல் பெருகுகின்றன. வீட்டார் கடைக்காரரிடம் வழி கேட்கின்றனர். அவர் ஒரு மருந்துப் புட்டியை நீட்டுகிறார். எறும்புக்கும் தீங்கு எண்ணாத குடும்பத்தில் அந்தப் புட்டியைத் திறக்கலாமா என்பதே இவ்வுரையின் பொருள்.

தொல்காப்பிய மரபியல், நந்து எனப்படும் நத்தையை ஈரறிவுயிராக வகுத்துள்ளது. அருகநெறியும் சங்கு, சிப்பி, நத்தை ஆகியவற்றைத் தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடைய ஈரறிவுயிர்கள் என்றே கொள்கிறது. ஓரறிவுயிர்க்குச் சிறிதும் இடர் செய்யாமல் இல்லறம் நடத்தல் இயலாது. ஆனால் ஈரறிவு முதலாக மேலுள்ள உயிர்களை அறிந்தே கொல்லுதல் கூடாது என்பது சிராவகர் ஏற்கும் முதல் அணுவிரதம். அவ்விரதத்தின் எல்லைக்கோட்டில் முதலாவதாக நிற்கும் உயிர்களுள் ஒன்று நத்தை.

வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் மூவகை நத்தைகள் காணப்படும். சுருண்ட ஆட்டுக்கொம்பு போல் தட்டையானது ஒன்று. மெல்லிய ஓடும் கூரிய நுனியும் உடையது மற்றொன்று. திருகாணி போல் நீண்டது மூன்றாவது. முதல் இரண்டும் ஓருடலிலேயே ஆண்மையும் பெண்மையும் உடையவை. இலையடியிலும் கண்ணாடியிலும் கூழ் போன்ற தெளிந்த முட்டைத் திரளை இடுபவை. துணையின்றித் தனித்த ஒன்றிலிருந்தே ஒரு கூட்டம் தோன்றலாம். திருகு நத்தையோ முட்டையிடாமல் குஞ்சுகளை ஈனும். ஆண் இன்றியும் பெருகும். பகலில் மணலுள் புதைந்து இரவில் வெளிவரும். ஆகவே கண்ணுக்குத் தெரிபவற்றைக் கொன்றால் தொல்லை தீரும் என்பது தவறான கணக்கு.

கடைக்காரர் தரும் மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். மயில்துத்தமும் தாமிர உப்பே. அது நத்தையைக் கொல்லும், இறாலையும் கொல்லும், அளவு மிஞ்சினால் மீனையும் வருத்தும். மடிந்த நத்தைகள் மணலுள் அழுகும்போது நீரில் அம்மோனியா பெருகுகிறது. அது மீனின் செவுளைத் தாக்குகிறது. நத்தையை ஒழிக்க ஊற்றிய மருந்தால் மீன்களும் மிதக்கும் நிலை வருவது அரிதன்று.

வேறு சிலர் நத்தை தின்னும் மீனை வாங்கி விடச் சொல்வர். இங்கே கை நேரே கொல்வதில்லை. எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது அறநூல் முடிபு. பிறர் கொன்ற ஊனை உண்பதில் குற்றமில்லை என்னும் வாதத்தை நீலகேசி மறுப்பதும் இந்த அடிப்படையில்தான். கொல்வதற்கென்றே ஓர் உயிரை விலைக்கு வாங்குதல் செய்வித்தலேயாகும்.

இரக்கமுடையோர் பலர் மூன்றாம் வழியை நாடுகின்றனர். நத்தைகளை வாரிக்கொண்டு போய் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகின்றனர். புண்ணியம் போல் தோன்றும் இச்செயலே மூன்றிலும் பெருந்தீங்கு விளைக்கவல்லது. 1847இல் மொரீசியசிலிருந்து வந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை கொல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. நிலத்தில் வாழும் அந்நத்தை இன்று கேரளம் உள்ளிட்ட பல பகுதிகளில் பயிரை அழிக்கிறது. மக்கள் அதனை உப்பிட்டுக் கொல்கின்றனர். 1980ஐ ஒட்டி, தென்னமெரிக்க நீர்நத்தை ஒன்று உணவுக்காகத் தைவானில் வளர்க்கப்பட்டது. வாங்குவோர் இன்மையால் கைவிடப்பட்ட அது நெல்வயல்களில் பரவியது. அதனை ஒழிக்க வயல்களில் நஞ்சு கொட்டப்பட்டது. சேலம் நகரினூடே செல்லும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. நகரத்தில் ஒருவர் விடும் அயல்நத்தை, தொலைவில் உள்ள உழவரின் வயலுக்குப் போய்ச் சேரலாம். இன்று நூறு உயிரை விடுவித்தவர், பின்னாளில் பல்லாயிரம் உயிர் கொல்லப்படக் காரணராகலாம்.

இதற்கு முன்னோர் வழக்கமே விளக்காகிறது. நீரை வடித்த பின், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எந்தக் கிணற்றில் நீர் மொண்டனரோ அந்தக் கிணற்றிலேயே சேர்ப்பது மரபு. உயிரை அதற்குரிய நீரில் மட்டுமே விட வேண்டும் என்னும் நுட்பம் அதில் உள்ளது. கடைச்செடியோடு வந்த நத்தைக்கு உரிய ஏரி இவ்வூரில் இல்லை. அதனை வீட்டிலேயே வைத்துக் காத்தல் கடமை.

காக்கும் வழி எளிது. நத்தை பெருகுவதற்குத் தலைமையான காரணம் மிகுதியாகக் கொட்டப்படும் மீன் உணவே. மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். எஞ்சியது அடியில் தங்கி நத்தைக்கு விருந்தாகிறது. உணவு குறைந்தால் அது இடும் முட்டையும் குறைகிறது. ஒரே நாளில் நிறுத்தாமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தல் நலம். அழுகிய இலைகளை அவ்வப்போது நீக்க வேண்டும். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

எண்ணிக்கையை விரைந்து குறைக்க விரும்புவோர், இரவில் ஒரு வெள்ளரித் துண்டைத் தொட்டியில் இடலாம். விடியலில் நத்தைகள் அதில் மொய்த்திருக்கும். துண்டோடு எடுத்து, நீரும் பாசியும் உள்ள தனிக் கலத்தில் விடலாம். புதுச் செடியை இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் நட வேண்டும். முட்டை ஒட்டிய இலையைக் கிள்ளி நத்தைக் கலத்தில் சேர்க்கலாம்.

சில நத்தைகள் எஞ்சியிருத்தல் குறையன்று. அவை பாசியை மேய்கின்றன, அழுகியதைத் தின்கின்றன, திருகு நத்தை மணலைக் கிளறிக் காற்றோட்டம் தருகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கொல்லாமை விரதத்திற்குரிய ஐந்து குற்றங்களுள் உணவும் நீரும் தடுத்தல் ஒன்று. உணவைக் குறைத்தல் அதன்பாற் படாதோ எனின், படாது. உரியதை மறுத்தலே தடுத்தல். மிகையை நிறுத்தல் அளவறிதல். ஆனால் அவ்வைந்தனுள் கட்டி அடைத்தலும் ஒன்று என்பதை மீன் வளர்ப்போர் மறத்தலாகாது. விரதம் ஏற்றோர் புதிதாகத் தொட்டி வாங்காதிருத்தலே சிறப்பு. முன்பே வாங்கியவர்க்கோ, அதிலுள்ள மீனும், அழையாது வந்த நத்தையும் ஒருங்கே அடைக்கலப் பொருள்கள்.

நத்தை பெருகியிருக்கும் தொட்டி, உணவிட்ட கையின் அளவின்மையைக் காட்டுகிறது. அந்தக் கையைத் திருத்திக்கொண்டால் மருந்துப் புட்டிக்குத் தேவை இராது.

வாழ்க பல்லுயிர்! வளர்க கொல்லா நெறி!