ஒரு டொலர் அறுபது சத மரதன்



இலக்கியத் தொடரொன்றில் ஓட்டப் போட்டியைப் பற்றிப் பேச வருபவரை, விளையாட்டுச் செய்தி வாசிக்க வந்தவர் கலையகம் மாறி நுழைந்துவிட்டார் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் மரதன் ஓட்டத்தின் பிறப்பிடம் ஏடுதான். கி.மு. 490இல் மரதன் வெளியிலே ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகரை வென்றனர். அச்செய்தியைச் சுமந்துகொண்டு ஒருவன் ஏதென்சுக்கு ஓடிவந்து, வெற்றியைச் சொன்ன மறுகணமே உயிர்விட்டான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த நூற்றாண்டிலேயே வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் இதைச் சொல்லவில்லை. அவர் சொல்வது வேறோர் ஓட்டம். போருக்கு முன்னர் உதவி கேட்டு ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதன் ஒருவனைப் பற்றியது அது. ஓடிவந்து மாண்டவனின் கதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வந்த புளூட்டாக், லூசியன் ஆகியோரின் எழுத்துக்களிலேயே காணப்படுகின்றது. இரண்டு ஓட்டங்களையும் ஒருவன் தலையிலேயே ஏற்றி, 1879இல் றொபேட் பிறவுணிங் கவிதையாக்கினார். இவ்வாறு பரவிய கதையில் மனம் பறிகொடுத்தவர்களுள் பிரெஞ்சு மொழியறிஞர் மிசேல் பிறேயலும் ஒருவர். சொற்பொருளியல் என்ற துறைக்குப் பிரெஞ்சு மொழியில் பெயர் சூட்டியவர் இவர். புதிய ஒலிம்பிக்கில் இப்படியோர் ஓட்டத்தை வையுங்கள், வெல்பவருக்கு நான் வெள்ளிக் கிண்ணம் தருகிறேன் என்று 1894இல் சொன்னவர் இவரே. ஒரு கட்டுக்கதையை நம்பி மனிதர் ஓடத் தொடங்கியது இவ்வாறுதான்.

1896இல் ஏதென்சில் அந்த ஓட்டத்துக்கு வந்தவர்கள் 17 பேர். வென்றவர் ஸ்பிரிடன் லூயிஸ் என்ற தண்ணீர் சுமப்பவர். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, தண்ணீர் கொண்டுபோக ஒரு கழுதை வண்டி கேட்டார் என்பர். அடுத்த ஆண்டு பொஸ்டனில் 15 பேர் ஓடினார்கள். 1970இல் நியூயோர்க் நகரத்துப் பூங்காவொன்றைச் சுற்றி ஓட 127 பேர் வந்தார்கள். கட்டணம் 1 டொலர். முடித்தவர்கள் 55 பேர். அதே நியூயோர்க் மரதனை 2024இல் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் அந்த ஆண்டு 300 டொலருக்கு மேல் செலுத்த வேண்டியிருந்தது. செலுத்த முன்வந்தாலும் பெரும்பாலானோர் குலுக்கலில் பெயர் விழக் காத்திருக்க வேண்டும்.

கூட்டம் கூடுவதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் சுமப்பவர் வென்ற ஓட்டத்துக்கு இன்றொரு தண்ணீர் சுமப்பவர் போகமுடியாது என்பது யோசிக்க வேண்டிய விடயம். கால் இரண்டும் திடமாயிருந்தால் போதும் என்று சொல்லப்படும் ஒரே விளையாட்டு ஓட்டம். அதற்கும் வாசலில் ஒரு காசாளர் உட்கார்ந்துவிட்டார்.

இந்த வாசலைத் தவிர்த்துவிட்டு வேறு வழியாகப் போகும் ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவிலே 50 மாநிலங்களிலும் ஒவ்வொரு மரதன் ஓடியே தீருவது என்று சங்கற்பம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். இவர்களிற் பலர் தேடிப்போவது பெயர் கேள்விப்படாத ஊர்களின் சிறிய போட்டிகளை. ஒரு பூங்கா, ஒரு ஆற்றங்கரைப் பாதை, நடுவே சாப்பாட்டு மேசை. அதே சிறு பாதையில் பல தடவை போய்த் திரும்பி 42.195 கிலோ மீற்றரைக் கூட்டி எடுத்துவிடுவார்கள். இரவு காரிலேயே படுத்து, விடிந்ததும் அடுத்த மாநிலத்துக்குப் போய் மறுபடியும் ஓடுவோரும் உண்டு. வேடிக்கை பார்க்க எவரும் இல்லை. கடைசியாக வருபவரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

இத்தகைய சிறு ஓட்டங்களுள் மிக விசித்திரமானதும், இலக்கிய நேயர்களாகிய உங்கள் காதுக்கு ஏற்றதுமான ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

டெனசி மாநிலத்திலே புறோசன் ஹெட் என்றொரு மலைக்காடு இருக்கிறது. அதை அடுத்து பிறஷி மவுண்டன் சிறைச்சாலை, 2009இல் மூடப்பட்டுவிட்டது. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ள் றே 1977 ஜூன் மாதத்தில் இங்கிருந்து தப்பினான். 54 மணித்தியாலம் காட்டில் அலைந்தவன், சிறையிலிருந்து ஏறக்குறைய 8 மைல் தூரத்திலே பிடிபட்டான். அத்தனை நேரத்தில் நானென்றால் 100 மைல் போயிருப்பேனே என்று கேலி செய்தார் கரி கன்ரெல் என்ற ஓட்டக்காரர். கேலியோடு நின்றிருக்கலாம். 1986இல் கார்ல் ஹென் என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு அந்தக் காட்டிலேயே ஓர் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். வியட்நாம் போரில் காயமடைந்த பரி பாக்லி என்ற நண்பரின் பெயரால் அது பாக்லி மரதன் எனப்படுகின்றது.

கட்டணம் 1 டொலர் 60 சதம். எப்போது, யாருக்கு விண்ணப்பிப்பது என்பது எங்கும் விளம்பரப்படுத்தப்படுவதில்லை. தெரிந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும். விண்ணப்பத்தோடு, என்னை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். ஓடுவதற்குக் கட்டுரை கேட்கும் போட்டி வேறெங்காவது உண்டோ, நானறியேன். முதன்முறை வருபவர் தம் ஊர் வாகன இலக்கத் தகடு ஒன்றைக் கொண்டுவரவேண்டும். தேசம் தேசமாக வந்த அந்தத் தகடுகள் முகாமிலே கொடியில் துணி காய்வதுபோல் தொங்குகின்றன. ஏறத்தாழ 40 பேருக்கே இடம்.

நள்ளிரவுக்கும் மறுநாள் நண்பகலுக்கும் இடையில் எந்நேரமும் ஓட்டம் தொடங்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் சங்கு ஊதுவார்கள். ஆம், நம்முடைய சங்கேதான். நம் ஊர்களில் சங்கு எதற்கெல்லாம் ஊதப்படும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். பாக்லியில் அது ஏறக்குறையப் பொருத்தம்தான். கன்ரெல் சிகரட் ஒன்றைப் பற்றவைத்ததும் ஓட்டம் தொடங்கும். ஒரே வட்டத்தை ஐந்து தடவை, 60 மணித்தியாலத்துக்குள் சுற்றிவர வேண்டும். வட்டம் 20 மைல் என்பார் கன்ரெல். ஓடியவர் எவரும் அதை நம்புவதில்லை. பாதையில் அடையாளம் கிடையாது. தேசப்படமும் திசைகாட்டியும்தான் துணை.

அப்படியானால் ஒருவர் முழு வட்டத்தையும் சுற்றி வந்தார் என்பதற்குச் சாட்சி யார்? இங்கேதான் புத்தகம் வருகிறது. காட்டுக்குள்ளே கற்களுக்கு அடியிலும் மரப் பொந்துகளிலும் பழைய புத்தகங்களை ஒளித்து வைத்திருப்பார்கள். ஓட்டக்காரர் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, தமது மார்பு இலக்கத்துக்குரிய பக்கத்தைக் கிழித்து எடுத்துவர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய இலக்கம், புதிய பக்கம். வழிதவறுதல், சாவு, மூடத்தனம் என்று ஓடுபவரைச் சீண்டும் தலைப்புகளாகவே பார்த்துப் பொறுக்கி வைப்பதாகச் சொல்வார்கள். மஞ்சள் நிறப் படலையடிக்கு வந்ததும் கன்ரெல் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் அந்தச் சுற்று சுற்றே அல்ல.

புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு, பக்கத்தைக் கிழிப்பது என்றதும் மனம் துணுக்குறும். எனக்கும் துணுக்குற்றது. ஆயினும் யோசித்துப் பார்க்கையில், நள்ளிரவில், மூடுபனியில், நாற்பது மணித்தியாலமாக உறங்காத ஒருவர் இத்தனை பதைப்போடு தேடுகின்ற புத்தகம் நம்முடைய எந்த நூலகத்திலும் இல்லை.

2017இல் நடந்ததைச் சொல்லவேண்டும். கனடாவைச் சேர்ந்த கரி றொபின்ஸ் ஐந்தாவது சுற்றின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துவிட்டார். கடைசிப் புத்தகத்தைத் தாண்டியபின் மூடுபனியில் வழி பிசகி, மலையின் பிழையான பக்கமாக இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்த் திசையிலிருந்து படலைக்கு ஓடிவந்து விழுந்தார். நேரம் 60 மணித்தியாலமும் 6 செக்கனும். பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன என்று மூச்சிரைக்கச் சொன்னார். ஆறு செக்கன் என்றே உலகம் பேசிக்கொண்டது. ஆனால் ஆறு செக்கன் முந்தி வந்திருந்தாலும் அது முடித்ததாகாது, கடைசி இரண்டு மைல் பாதை விடுபட்டுவிட்டது என்று கன்ரெல் விளக்கினார். றொபின்சும் அதை மறுக்கவில்லை. தொலைக்காட்சிக் கூட்டமும் பரிசுப் பணமும் உள்ள இடத்தில் இப்படியொரு தோல்வி எத்தனை வழக்குகளாக வளர்ந்திருக்கும்! இங்கே இழக்க வேறெதுவும் இல்லாததால், உண்மையைச் சொல்வது எளிதாயிருந்தது போலும்.

1995இல் பிரித்தானியரான மார்க் வில்லியம்ஸ் முதன்முதலாக 100 மைலை முடித்தார். அன்றிலிருந்து 2024 வரை முடித்தவர்கள் 20 பேர் மட்டுமே. பெண்களால் இது இயலாது என்று கன்ரெல் பல காலம் சொல்லி வந்தார். 2024 மார்ச்சில் ஜஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை வைத்தியர், இரு பிள்ளைகளின் தாய், 59 மணி 58 நிமிடம் 21 செக்கனில் அந்தப் படலையைத் தொட்டுவிட்டு நிலத்திலே சாய்ந்தார். மிச்சமிருந்தது 99 செக்கன்.

இவர் எங்கே பழகியவர் என்று பார்த்தால், மீண்டும் சிறிய ஓட்டங்களுக்கே வருகின்றோம். பிரித்தானியாவில் குன்றோட்டம் என்றொரு மரபு உண்டு. வார இறுதியில் ஒரு கிராமத்து மண்டபத்துக்குப் போய், சில பவுண்களைக் கொடுத்துப் பெயரைப் பதிந்து, எதிரே தெரியும் குன்றில் ஏறி இறங்குவது. முடிவில் தேநீரும் கேக்குத் துண்டும். அந்த மரபில் மிகப் பெரிதாகப் போற்றப்படும் ஓட்டத்துக்குக் கட்டணமும் இல்லை, நாளும் இல்லை. 1932இல் கெசிக் நகரிலே விருந்தினர் விடுதி நடத்திய பொப் கிறேயம், 24 மணித்தியாலத்துக்குள் 42 சிகரங்களை ஏறி இறங்கி ஊர்ச் சந்தை மண்டபத்துக்குத் திரும்பினார். இன்றும் அதைச் செய்ய விரும்புபவர் தாமே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு புறப்படலாம். ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் நின்று கண்டதாகச் சொன்னாற் போதும். ஜஸ்மின் பாரிஸ் 2016இல் 15 மணி 24 நிமிடத்தில் இதை முடித்து, அப்போதைய பெண்கள் சாதனையை நிலைநாட்டியவர்.

இலக்கியத்தில் ஓட்டக்காரன் என்றதும் பலருக்கும் நினைவு வருவது அலன் சிலிற்றோ 1959இல் வெளியிட்ட நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை பற்றிய கதை. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட இளைஞன் அவன். கிண்ணத்தை வென்று தந்தால் நிறுவனத் தலைவருக்குப் பெருமை. முன்னணியில் வந்தவன் கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று, மற்றவனைப் போக விடுகிறான். அந்தக் கதையை வர்க்கக் கோபமாக வாசித்துவந்தோம்; அது சரியே. ஆனால் விடியற்காலையில் தனியே பயிற்சிக்கு ஓடும்போது அவன் அடையும் ஆனந்தத்தையும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அந்த ஓட்டத்துக்குக் கிண்ணம் இல்லை. ஆகவே அது அவனுக்கே சொந்தம். சிறு மரதன்களைத் தேடிப் போகிறவர்களை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியவை அந்தப் பக்கங்களே.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1 டொலர் 60 சதம் என்பதில் ஒரு பாசாங்கும் உண்டு. டெனசிக்குப் போகும் விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் விடுமுறைக்கும் யார் காசு கொடுப்பது? 50 மாநிலங்களையும் சுற்றக் காரும் பெற்றோலும் வேண்டும். வாசலில் மலிவானது வழியில் மலிவாயிருப்பதில்லை. ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முறகாமி 1983இல் ஏதென்சிலிருந்து மரதனுக்கு, வாகன நெரிசலுக்கு அஞ்சி எதிர்த் திசையில், போட்டி எதுவுமின்றித் தாம் ஒருவராகவே ஓடினார். வீதியில் அடிபட்டுக் கிடந்த நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டு ஓடியதாக எழுதுகிறார். கட்டணமில்லாத ஓட்டம் அது. ஆனால் அதற்கும் ஒரு சஞ்சிகையின் ஏற்பாடும், பின்னால் வந்த வாகனமும் தேவைப்பட்டன.

உண்மையில் மலிவான மரதனைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களிலும், வடக்குக் கிழக்கிலே சனசமூக நிலையங்களின் ஆண்டு விழாக்களிலும் விடியற்புறத்தில் ஒரு மரதன் ஓட்டம் நடக்கும். 42 கிலோ மீற்றர் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. சந்தியிலிருந்து அயலூர்வரை போய்த் திரும்புவதுதான். சப்பாத்து உள்ளவரும் ஓடுவர், வெறுங்காலோடும் ஓடுவர். பின்னால் தம்பிமார் சைக்கிளில் வருவார்கள். படலையடியில் செம்பில் தண்ணீரோடு ஒரு ஆச்சி நிற்பார். பத்திரிகை வாசிக்கும் அதே மேசையில்தான் பெயர் பதிவு. திரும்புகிற இடத்தில், கொப்பித் தாளைக் கிழித்து நிலையத்தின் முத்திரை குத்திய துண்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அதை வாங்கி, வியர்வையில் மை கரையாமல் கைக்குள் பொத்திக்கொண்டு, பெடியன்கள் திரும்பி ஓடுவார்கள்.