சான்று கேட்கப்பட்ட கவிதை

(மாதர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



அடிமைக் காலத்துப் பெண்களின் வாழ்வை அறிய விரும்பின், நாம் முதலிற் புரட்ட வேண்டியது சட்டப் புத்தகத்தையே. 1662ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த வேர்ஜீனியாவில் ஒரு சட்டம் பிறந்தது. பிள்ளை அடிமையோ அன்றோ என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அச்சட்டம். பட்டியில் ஈன்ற கன்று பட்டிக்காரனுக்கே உரியதாவது போல, அடிமைப் பெண் ஈன்ற மகவும் உடையவனுக்கே உரியதாயிற்று. அவனே அம்மகவின் தந்தையாயினும் விதி மாறவில்லை.

1740இல் தென் கரோலினா இன்னொரு பூட்டைப் பூட்டியது. அடிமைக்கு எழுதக் கற்பிப்போர் 100 பவுண் தண்டம் இறுக்க வேண்டுமென்றது. எழுத்தை அஞ்சியவர் யார்? சவுக்கைக் கையில் வைத்திருந்தவரே!

இத்தகைய காலத்தில், 1761ஆம் ஆண்டு, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து 'பிலிஸ்' என்னும் கப்பல் பொஸ்டன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து இறக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அதைக் கண்டே வயது ஏழு அல்லது எட்டு என மதித்தனர். வீற்லி என்னும் வணிகர் தம் மனைவியின் பணிக்கென அவளை வாங்கினார். கப்பலின் பெயரும் உடையவரின் பெயரும் சேர்ந்து அவள் பெயராயின: பிலிஸ் வீற்லி. பெற்றோர் இட்ட பெயர் கடலோடு போயிற்று.

அவ்வீட்டார் அவளுக்குக் கல்வி அளித்தனர். ஆங்கிலமும் இலத்தீனும் கற்று, இருபது வயதை எட்டுமுன்பே ஒரு நூலுக்குப் போதிய கவிதைகளை அவள் இயற்றினாள். அடிமைப் பெண் கவி பாடுவாளா என்று ஐயுற்றது உலகம். ஆகவே ஆளுநர் ஹச்சின்சன், செல்வர் ஜோன் ஹன்கொக் முதலாய 18 பிரமுகர்கள், இவை இவள் பாடியவையே என 1772இல் கையொப்பமிட்டனர். அச்சான்றோடுதான் 1773இல் நூல் இலண்டனில் வெளிவந்தது. கவிஞர் பதினெண்மர் சாட்சி சொன்னாலன்றித் தம் கவிதைக்கு உரிமை கொண்டாட முடியாத கொடுமையை எண்ணிப் பாருங்கள்!

அவர் எசமானரின் உலகத்தையே பாடினார், தம் இனத்தின் துயரைப் பாடவில்லை எனக் குறை கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்கோம். நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே அவர் விடுதலை பெற்றார். மறு ஆண்டிலேயே பத்திரிகைகளில் வெளியான கடிதமொன்றில், விடுதலை வேட்கையை இறைவன் ஒவ்வொரு நெஞ்சிலும் ஊன்றியுள்ளான் என எழுதினார். தமக்குச் சுதந்திரம் கோரிக்கொண்டே பிறரை அடக்கி ஆள்வோரின் முரண்பாட்டையும் எடுத்துக் காட்டினார்.

அம்முரண்பாட்டுக்கு உதாரணம் தொலைவில் இல்லை. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என 1776இல் பிரகடனம் வரைந்த தோமஸ் ஜெபர்சன், வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடையவராயிருந்தார். பிலிஸ் வீற்லியின் பாடல்களோ விமர்சனத்துக்கும் தகுதியற்றவை என்று எழுதியவரும் அவரே.

விடுதலை கிடைத்தது, வாழ வழி கிடைக்கவில்லை. இரண்டாம் நூலுக்குப் போதிய ஆதரவாளர் முன்வரவில்லை. அதன் கையெழுத்துப் பிரதியும் தொலைந்தது. 1784 டிசம்பரில், முப்பத்தொரு வயதளவில், வறுமையிலே அவர் மறைந்தார்.

அன்பர்களே, இதனை அந்நிய நாட்டுக் கதையென்று கேட்டுவிட்டு நாம் எழுந்து செல்லலாகாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த நம் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. இலங்கையில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே. நம் வயலிலும் வளவிலும் உழைத்த அப்பெண்கள் பாடாமலா இருந்திருப்பர்? அப்பாட்டை எந்த ஏட்டில் எழுதி வைத்தோம்? அவர்களின் கையில் எழுத்தாணியைக் கொடுத்தவர் யார்?

உரிமை கேட்கும் இனம் நாம். கேட்கும் நம் கை, கொடுக்கவும் கற்றிருக்க வேண்டும். பிலிஸ் வீற்லி அன்று சுட்டிய முரண்பாடு நம் வீட்டு முற்றத்தில் இருத்தலாகாது.