விரதத்தில் விட வேண்டிய இன்னொரு பொருள்

(குவீன்ஸ்டவுனில் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விரதம் பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். அதன் மகிமையை விளக்க என்னைவிடக் கற்றவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். ஆகையால் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அன்னதானம் இனிதே முடிந்தபின், கூடத்தின் பின்புறம் வாய் கட்டி அடுக்கி வைக்கிறோமே கறுப்புப் பைகள், அவற்றைப் பற்றியது அது.

வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குப் போகாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். ஸ்ரீ கிருஷ்ணன் ஆலய வாசலில் சீன அன்பர்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடும் அழகை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதே தெருவில் சற்றே நடந்தால் மகைன் அபோத் என்னும் யூத ஆலயம் வரும். 1878-இல் எழுந்தது. இத்தனை காலம் அண்டை வீட்டாராக இருக்கும் அவர்களுடைய விரதம் ஒன்றை நான் படித்தறிந்தேன். அதைச் சொன்னால் நம் கதை தானாக விளங்கும்.

பாஸ்கா என்பது அவர்களுடைய பெரிய பண்டிகை. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்று வெளியேறியதன் நினைவு. மாவு புளிக்கவும் நேரமின்றிப் புறப்பட்டார்களாம். ஆகவே இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாட்கள் புளித்த மாவுப் பண்டம் எதையும் உண்பதில்லை. உண்ணாமல் இருந்தால் மட்டும் போதாது; வீட்டிலேயே இருக்கக் கூடாது. முதல் நாள் இரவு விளக்கைக் கையில் பிடித்து மூலை முடுக்கெல்லாம் ரொட்டித் துணுக்கு தேடி, மறுநாள் காலை அதை எரித்து விடுகிறார்கள். நம் போகிப் பண்டிகை நினைவுக்கு வருகிறதல்லவா?

அன்றாடப் பாத்திரத்தில் புளித்த மாவு பட்டிருக்கும் என்பதால் பண்டிகைக்குத் தனிப் பாத்திரம் வேண்டும். வைத்துக்கொள்ள இடமோ வசதியோ இல்லாதவர்கள் பலர் எறியும் தட்டையும் குவளையையும் வாங்கி ஒப்பேற்றி விடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் சில யூத அன்பர்கள், “புளித்த மாவைத் தேடி அகற்றும் நாம் இந்தக் குப்பையை ஏன் பண்டிகையின் பெயரால் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்?” என்று கேட்டு, எறியும் பிளாஸ்டிக்கை விடுவதையும் விரதத்தோடு சேர்த்திருக்கிறார்கள். போர்க்காலத்தில்கூடக் கனிமரத்தை வெட்டாதே என்று அவர்கள் வேதத்தில் ஒரு கட்டளை உண்டு. வீணாக எதையும் அழிக்காதே என்று அதற்கு அவர்களுடைய ஆசான்கள் பொருள் விரித்திருக்கிறார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, தூய்மையைப் பேணும் ஆசாரமே அவர்களை எறியும் தட்டுக்குக் கொண்டுபோய் விட்டது என்பதை. நம்மையும் அதுவேதான் கொண்டுபோய் விட்டது. எச்சில் என்று ஒன்று இருக்கிறதே! ஒருவர் உண்ட கலத்தில் மற்றவர் உண்ணக் கூடாது. அதற்கு முன்னோர் கண்ட வழி வாழையிலை. அதுவும் ஒருமுறை உண்டு எறிவதுதான். ஆனால் மாடு தின்னும், மண் தின்னும். இந்த வட்டாரத்தில் 1932-இல் ரயில்வே தொழிலாளர்கள் தண்டவாளத்தருகே முனீஸ்வரருக்குச் சிறு கோயில் எழுப்பினார்களே, இன்று காமன்வெல்த் டிரைவில் பேராலயமாக விளங்குவது, அக்காலத்துப் பந்திகளில் பிளாஸ்டிக் தட்டு ஏது? இலையும் எனாமல் மங்குமாகவே இருந்திருக்கும். பிறகு இலையின் இடத்தில் பிளாஸ்டிக் வந்து உட்கார்ந்துகொண்டது. நாமும் அதை ஆசாரம் என்றே ஏற்றுக்கொண்டோம்.

“மக்கும் தட்டு வாங்கினால் போதாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். ஊரில் அது ஓரளவு பொருந்தலாம். சிங்கப்பூரில் எரிக்கக்கூடிய குப்பை எரியுலைக்குத்தான் போகிறது. மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து படகில் புலாவ் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்த ஒரே நிரப்பிடம் 2035 அளவில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. மக்கும் தட்டு மக்குவதற்கு முன்பே எரிந்து விடுகிறது. கூடக் கொடுத்த காசுதான் மிச்சம். ஆகவே ஒன்றை விட்டு இன்னொன்றை வாங்குவது இங்கே விரதம் ஆகாது. எறிவதையே குறைக்க வேண்டும்.

சட்டம் போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் தொடங்கி 14 வகைப் பொருட்களுக்குத் தடை. இங்கே 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. நல்லவைதாம். ஆனால் இஸ்ரேலில் நடந்ததைக் கேளுங்கள். 2021 நவம்பரில் எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளைகளுக்குக் கிலோவுக்கு 11 ஷெக்கல் வரி போட்டார்கள். பிள்ளைகள் நிறைந்த ஆசாரக் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. ஓய்வு நாள்தோறும் பெரிய பந்தி. வரி தங்களைக் குறிவைத்ததாகவே அவர்கள் கருதினார்கள். அடுத்து வந்த அரசு அந்த வரியை நீக்கிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைபோல் கிடக்கும் தட்டுகளைக் கழுவுவது யார்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் நிலைக்காது.

விரதம் வேறு வகை. யாரும் திணிக்காமல் நாமே ஏற்பது. இத்தனை நாள் என்று கணக்கு உள்ளது. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர் மாமிசத்தை விடுகிறார், பாயில் படுக்கிறார். ‘முடியாது’ என்று மற்ற நாளில் சொல்வதெல்லாம் அந்த நாட்களில் முடிகிறது. சபரிமலையில் 2011-இல் தொடங்கிய புண்ணியம் பூங்காவனம் பணியில், மலையேறிய ஐயப்பமார்களே சிறிது நேரம் குப்பை அகற்றினார்கள். தரிசனத்தைப் போல அதுவும் யாத்திரையின் ஒரு பகுதி ஆயிற்று.

நம்மால் ஆகக்கூடியதைச் சொல்கிறேன். பால்குடத்தின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் கட்டுபவர்கள் வாழையிலையும் மஞ்சள் துணியும் வைத்துக் கட்டலாம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கூட நடக்கும் உறவினர்கள், தண்ணீருக்கு வீட்டுக் குப்பியையே எடுத்து வரலாம். பிரசாதம் வாங்க ஒரு சிறு எவர்சில்வர் டப்பா கைப்பையில் இருக்கட்டும். இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. அதிகம் சொல்லத் தேவையில்லை.

அன்னதானம்தான் பெரிய காரியம். ஆண்டுதோறும் எறியும் தட்டுக்கும் குவளைக்கும் உபயமாகப் பணம் கொடுக்கிறீர்கள். அந்தத் தொகையை எவர்சில்வர் தட்டுகளாகக் கொடுங்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம்தானே? தட்டின் அடியில் தாய் தந்தையர் பெயரை வெட்டிக் கொடுங்கள். எறிந்த தட்டில் யார் பெயர் நிற்கிறது? எச்சில் என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: உணவகத்தில் எந்தத் தட்டில் சாப்பிடுகிறோம்? சோப்புப் போட்டு, கொதிநீரில் அலசி, வெயிலில் காய்ந்த எவர்சில்வர் நம் வீட்டுப் பூஜையறைக்கே உகந்தது. இயலும் நாளில் வாழையிலை போடுங்கள். இங்கே விலை அதிகம் என்பது எனக்குத் தெரியும், ஆகையால் நாள்தோறும் என்று சொல்லவில்லை.

இனி அந்தப் பழைய கேள்வி: கழுவுவது யார்? சமைப்பதும் பரிமாறுவதும் பெண்கள், கழுவுவதும் அவர்களே என்றால் அடுத்த ஆண்டே பிளாஸ்டிக் தட்டு திரும்பி வந்துவிடும். ஆகவே வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தட்டு உபயம் செய்பவர்கள் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் கழுவும் தொண்டுக்கு. அதில் முதல் பத்து வரிகள் ஆண்களுக்காக விடப்பட்டிருக்கின்றன. பேனாவும் அங்கேயே இருக்கிறது.