முதலில் தண்ணீர், கடைசியில் பெயிண்ட்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்னப்பா பேசப் போறே?" என்று செயலாளர் கேட்டார். "பழைய வீட்டைச் சரி பண்ணினதப் பத்தி" என்றேன். "அதுல பேச என்ன இருக்கு?" என்று சிரித்தார். எங்கம்மா கை ஒடிஞ்ச கதை அதில் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்க மாட்டீர்கள்.

என் ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணைக்குப் பக்கம். நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. மாவட்டம்தான் ரெண்டு முறை மாறியதே தவிர, எங்கப்பா 1971-இல் கட்டிய வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் திண்ணையும் சீமை ஓடு போட்ட கூடமும். பின்பக்கம் தளம் போட்ட இரண்டு அறை. சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர். சிவப்புச் சிமெண்ட் தரை. அப்பா காலமான பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்கள்.

அண்ணன் திருப்பூரில், தம்பி சென்னையில், நான் சேலத்தில். 2018-இல் அண்ணன், "இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்டா" என்றார். அதற்குக் கையில் பணம் இல்லை. தம்பி, "வித்துடலாம்" என்றான். அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நான்தான் பெரிய மனுஷனாட்டம், "தொண்ணூறாயிரம் குடுங்க, வீட்டையே புதுசாக்கிக் காட்டுறேன்" என்று சவால் விட்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சுவரெல்லாம் விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்ட். ஓதம் அடித்த இடங்களில் சிமெண்ட் பூச்சு. குளியலறையில் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் டைல்ஸ். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "அடேயப்பா!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழை வந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாக உப்பு பூத்தது. அதுகூடப் பரவாயில்லை. கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா அந்தப் பளபள டைல்ஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு அம்மா சொன்னார்கள்: "ஏண்டா, நாப்பது வருஷத்துக்கு மேல அந்தச் சொரசொரப்புத் தரையில நான் ஒரு நாள் விழல. நீ அழகு பண்ணிக் குடுத்த அப்புறம்தான் விழுந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நண்பர்களே, பட்டம் வாங்கியவன் நான். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தியவர் எழுபது வயதான ஒரு கொத்தனார். வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவே இல்லை.

மாடிக்கு ஏறினோம். வேப்பிலை அடைத்து மழைநீர்க் குழாய் மூடிக் கிடந்தது. தளத்தில் குளம் கட்டி நின்றது தண்ணீர். கீழே இறங்கினால், தெருவுக்கு ரோடு மேல் ரோடாகப் போட்டு, வீடு பள்ளத்தில் கிடக்கிறது. மழைத் தண்ணி எல்லாம் அஸ்திவாரத்தைத்தான் தேடி வருகிறது.

அவர் சொன்ன விளக்கம் இது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும், விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்கு விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டால், ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கடைசியில் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு உப்போடு வெளியே வரும். ஆக, நான் சுவருக்கு அழகு செய்யவில்லை, அதன் மூக்கைப் பிடித்திருக்கிறேன்!

2021-இல், கொரோனா கொஞ்சம் ஓய்ந்த பிறகு, மூன்று பேரும் சேர்ந்து 1,40,000 ரூபாய் போட்டோம். இந்த முறை வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்தோம். கணக்கை அப்படியே சொல்கிறேன்.

தளம் பழுதுபார்த்து, குழாயை மாற்றி, வீட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுத்து வாய்க்கால் வெட்ட 38,000. சுவரில் நான் பூசிய சிமெண்டை மூன்றடி உயரத்துக்குக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புக் காரை பூச 32,000. கொத்தனார் அவசரப்படவே இல்லை. "சுவரு காயாம கரண்டிய தொட மாட்டேன்" என்றுவிட்டார்.

ஒயரிங் 30,000. கட்டை அடித்துப் போட்ட அந்தக் காலத்து ஒயர். பல பிளக்கில் எர்த் கிடையாது. புது ஒயர் இழுத்து, எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்தோம். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால், அதாவது எங்கேயோ கசிகிறதென்றால், அது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஈரச் சுவர் உள்ள பழைய வீட்டில் இது ஆடம்பரம் இல்லை, உயிர். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் எல்லாம் 9 வாட் எல்.இ.டி.

குளியலறை 24,000. சொரசொரப்பான டைல்ஸ், இரண்டு இடத்தில் ஸ்டீல் கைப்பிடி, வாசற்படியைத் தணித்தது, ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு. கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று புத்தகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவையே நிற்க வைத்து, கை இயல்பாகப் போகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயிண்ட், 12,000. உள்ளே எல்லாம் சுண்ணாம்புதான். முன்கூட்டியே நீற்றி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்தும் துளி நீலமும் சேர்த்து மூன்று கை அடித்தோம். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எங்கள் ஜன்னலில் பழைய பச்சை எனாமல் பெயிண்ட். உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டென்று தேய்க்கப் போனேன். தம்பி தடுத்தான். அவன் கைக்குழந்தையோடு வந்திருந்தான். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. ஆகவே பழைய பெயிண்டை வறண்டபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள், தூசை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மிச்சம் 4,000. அதுதான் அலங்காரத்துக்கு. சிரிக்காதீர்கள், அதுவே போதுமானதாக இருந்தது! முப்பது வருஷ அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய வாசற்கதவை நானும் அண்ணனும் இரண்டு நாள் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தோம். நிலைப்படியின் மேலே தாமரையும் கிளியும் வெளியே வந்தன! எங்கள் மூன்று பேருக்குமே அப்படி ஒரு வேலைப்பாடு அங்கே இருப்பது தெரியாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு அந்த 2021-ஆம் ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மெச்சுகிற வேலை எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் ஜன்னல் திரை ஆயின. டிரங்குப் பெட்டியில் கிடந்த போட்டோக்களுக்குச் சட்டம் போட்டு மாட்டினோம். சிவப்புத் தரையைத் தொடவே இல்லை. கழுவிவிட்டோம், அவ்வளவுதான்.

லாரி பேக்கர் என்ற பெயரைச் சிலர் கேட்டிருப்பீர்கள். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர். இடித்த வீட்டுக் கதவு, ஜன்னல், மரம் எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தி, குறைந்த செலவில் அழகான வீடுகள் கட்டிக் காட்டியவர். எங்க கொத்தனார் அவர் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டு பேர் புத்தியும் ஒன்றுதான்: இருக்கிறதை முதலில் பார், இல்லாததை அப்புறம் வாங்கு.

சென்னையில் பிளாட்டில் இருக்கும் நண்பர்கள் "எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். என் தம்பியும் பழைய பிளாட்டில்தான் இருக்கிறான். அங்கேயும் இதே வரிசைதான். மேல் வீட்டுக் குளியலறைக் கசிவு நிற்காமல் உங்கள் கூரைக்குப் பெயிண்ட் அடிப்பது வீண். மேல் வீட்டுக்காரரோடு சண்டை போடாமல், இரண்டு பேரும் சேர்ந்து பிளம்பரைக் கூப்பிடுங்கள். கூடம் பெரிதாகட்டும் என்று சுவரை இடிக்கும் முன், அது பாரம் தாங்குகிற சுவரா என்று ஒரு இன்ஜினியரைக் கேளுங்கள். உங்கள் வீட்டு அழகு அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழக்கூடாது.

மாணவச் செல்வங்களே, நாளை வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஊர் வீட்டுக்கு ஏதாவது செய்ய நினைப்பீர்கள். செய்யுங்கள், நல்ல எண்ணம். ஆனால் டி.வி. வாங்கும் முன் குளியலறைக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைச் சரி செய்யாதீர்கள், அதில் குடியிருக்கிறவர்களுக்காகச் செய்யுங்கள். நான் முதல் முறை சொந்தக்காரர்களின் "அடேயப்பா"வுக்காகச் செய்தேன். அதற்கான விலையை அம்மாவின் கை கொடுத்தது. அந்தக் கை இன்னும் முழுசாக மடங்காது.

வீட்டை விற்கிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. வருஷா வருஷம் ஐப்பசியில் முதல் பெரிய மழை விட்ட மறுநாள் அம்மாவிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்னால் சொல்லுகிற முதல் வார்த்தை: "சுவரு காஞ்சிருக்குடா."