நேப்பிள்ஸில் ஒரு பகல்

(மூத்த குடிமக்கள் மாதச் சந்திப்பில் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)

கப்பல் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று செக்ரட்டரி சார் சொன்னார். கப்பலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யூடியூபில் நீங்களே பார்த்திருப்பீர்கள். நான் கப்பலை விட்டு இறங்கிய ஒரு பகலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் குடியிருப்பிலேயே இரண்டு மூன்று குடும்பம் மத்தியதரைக் கடல் கப்பலுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஒவ்வொரு ஊரிலும் கப்பல்காரங்க டூரை எடுக்கணுமா, நாமே போயிடலாமா?"

ஊரைப் பொறுத்தது. உங்கள் பயண அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருக்கும். ஆனால் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். 'புளோரன்ஸ்' என்று போட்டிருந்தால் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம். நம் வயதில் அந்த இரண்டு இடத்துக்கும் கப்பல் டூரிலேயே போய்விடுங்கள், பணம் போனால் போகட்டும். நேப்பிள்ஸ் அப்படி இல்லை. கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. டெர்மினலை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய கோட்டை, ஐந்து நிமிட நடையில் முனிசிப்பியோ மெட்ரோ ஸ்டேஷன். அந்த ஊரில் டூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது வீண் செலவு என்பது என் கட்சி.

கப்பல் டூருக்கு ஒரே ஒரு பெரிய லாபம் உண்டு. அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நமக்காகக் காத்திருக்காது. அது கிளம்பிவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். அதனால் முந்தின நாள் இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் 'எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம்' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, இது வேறு. எங்களுக்கு 5.30 என்று போட்டிருந்தது. அதே தாளில் துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண்ணும் இருக்கும். தாளை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல், கப்பல் கார்டு இரண்டும் கூடவே இருக்கட்டும்.

விசாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கப்பல் நடுவில் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்புவதாக இருந்தால், ஷெங்கன் விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். ஏஜெண்ட் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

நாங்கள் எட்டு மணிக்கு இறங்கினோம். திட்டம் இரண்டே இரண்டு: காலையில் போம்பெய், மத்தியானம் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகம். மெட்ரோவில் கரிபால்டி ஸ்டேஷன் போய், அங்கிருந்து சொரெந்தோ போகும் சின்ன ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். 'போம்பெய் ஸ்காவி' என்ற நிறுத்தத்தில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே. இந்த ரயில் புறப்படுவது கரிபால்டிக்கு முந்தின போர்த்தா நொலானா ஸ்டேஷனிலிருந்து. முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே போய் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

போம்பெய் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன ஊர். படத்தில் தூண்களைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது தெருக்கள். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. தெருவில் தண்ணீர் ஓடும்போது கால் நனையாமல் கடக்க நடுவில் உயரமான கற்கள், சக்கரம் போக இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நம் கேட்டுக்கு முன்னால் செங்கல் போட்டுத் தாண்டுகிறோமே, அதேதான், ஆனால் ஒழுங்காக. மூலைக்கு மூலை சாப்பாட்டுக் கடை. மேடையில் பானை பதித்திருக்கிறது, அதிலிருந்து அள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேக்கரி ஒன்றில் மாவு அரைத்த கல் எந்திரங்கள் நிற்கின்றன. நான்கு பேர் வாழ்ந்த வீடு மாதிரி இருக்கிறதே தவிர, இடிபாடு என்று தோன்றவில்லை. நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். பெரிய பை உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு இருபதாயிரம் பேர்தான் என்று 2024 நவம்பரிலிருந்து வரம்பு வைத்து, டிக்கெட்டைப் பெயர் போட்டுக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே வாங்குங்கள். முழுவதும் பார்க்க நினைக்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் எங்களுக்குக் கால் விட்டுப்போயிற்று.

திரும்பும்போதுதான் தப்பு நடந்தது. ஸ்டேஷனுக்குள் நுழையவும் ஒரு ரயில் வரவும் சரியாக இருந்தது. "ஓடுங்க, இதை விட்டா அரை மணி காத்திருக்கணும்" என்று அவரை இழுத்துக்கொண்டு ஏறியது நான்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த பாட்டியம்மாவிடம் "நேப்பிள்ஸ்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "நாப்போலி?" என்றார் என் கணவர். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பாட்டியம்மா தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் கையைக் காட்டினார். நாங்கள் சொரெந்தோ பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

காஸ்தெல்லம்மாரே என்ற ஊரில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலுக்கு உட்கார்ந்திருந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மணியைப் பார்ப்பதும் தினசரித் தாளை எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். உண்மையில் ஆபத்து எதுவும் இல்லை, கையில் மூன்றரை மணி நேரம் இருந்தது. ஆனால் அந்நிய ஊரில், மொழி தெரியாத இடத்தில், மருந்துப் பை கப்பலில் இருக்கும்போது, அந்தக் கணக்கு மனதில் ஏறாது. நான்கு மணிக்குக் கப்பல் பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். அந்த ஒன்றரை மணி நேர உபரிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

கரிபால்டிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டே முக்கால். மெட்ரோவில் முனிசிப்பியோ, அதாவது கப்பல், முதலில் வரும். அருங்காட்சியகம் அதைத் தாண்டி மூன்றாவது ஸ்டேஷன். அவர் "இறங்கிடலாம்" என்றார். நான் முடியாது என்றேன். போம்பெயில் 1938இல் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிலை அங்கே இருக்கிறது. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம், நகை போட்ட பெண், இரண்டு பக்கமும் சின்னத் தோழிகள். போம்பெய் லட்சுமி என்று பெயர். லட்சுமி இல்லை, யட்சியாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் நாட்டில் செதுக்கியது, எரிமலை வெடிப்பதற்கு முன்னாலேயே கடல் தாண்டி அந்த ஊருக்குப் போயிருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும்போதே இதைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். "சரி, அரை மணி நேரம்தான்" என்று அவரும் வந்தார், காலை நொண்டிக்கொண்டே.

கதவு பூட்டியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அந்த அருங்காட்சியகத்துக்கு வாரம்தோறும் செவ்வாய் விடுமுறை. வீட்டிலேயே படித்திருந்தேன். ஆனால் கப்பலில் கிழமை மறந்துவிடும், தேதிதான் நினைவிருக்கும். கிளம்பும் முன்பே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கிழமையை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அப்போதும் திட்டவில்லை. "வா, பசிக்குது" என்றார். சந்துக்குள் ஒரு கடையில் மரினாரா பீட்சா. பெயரில் கடல் இருந்தாலும் மீன் கிடையாது, தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும், சீஸ்கூட இல்லை. சைவக்காரர்கள் தைரியமாகக் கேட்கலாம். பிறகு ஒரு காபிக் கடையில் கவுண்டரில் நின்றபடி காபி. உட்கார்ந்தால் விலை கூடும். காபியோடு தண்ணீரும் கொடுத்தார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு காபிக்குக் கூடுதலாகப் பணம் கட்டிவிட்டுப் போகும் பழக்கம் அந்த ஊரில் உண்டு, காஃபே சொஸ்பேசோ என்பார்கள். அவர் கட்டினார். ரயிலில் வந்த பாட்டியம்மா கணக்கில் இருக்கட்டும் என்றார்.

நாலரைக்குக் கப்பலில் இருந்தோம்.

லட்சுமியை நான் இன்னும் பார்க்கவில்லை. போகிறவர்கள் யாராவது பார்த்தால், 'ரகசிய அறை' என்று ஒரு பகுதி இருக்கும், அதில் வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்குக் காபிக்கு வாருங்கள், எப்படி இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.