கைப்பேசியும் துக்கம் கேட்டலும்



இன்றைக் கூட்டத்தில் கைப்பேசியைப் பற்றிச் சில கூறுமாறு காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பித்துக் காலங் கழிக்கும் யாம் அக்கருவியின் நுட்பம் அறியேம். அதனால் நம்மவரிடை நேர்ந்துள்ள ஒரு மாற்றத்தை மட்டும் கூற விழைகின்றேம்.

நம் நாட்டில் முதற் கைப்பேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்த முதலமைச்சர் ஜோதி பாசுவுக்கும் டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது. அந்நாளில் அழைப்பவரேயன்றி அழைக்கப்படுபவரும் பணம் இறுத்தனர். ஆகவே பேச்சுச் சுருங்கியிருந்தது. 2003-இல் கேட்போர் கட்டணம் நீங்கிற்று. 2009-இல் வாட்ஸ்அப் தோன்றிற்று. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் வீழவே, அது சிற்றூர்களிலும் புகுந்தது. அயல்நாட்டில் உழைக்கும் மகன் தாயின் முகத்தை நாடோறும் கண்டு பேசுகின்றான். இந்நன்மையை மறுத்தல் நன்றி கோறலேயாம்.

இனி, இழவு சொல்லும் வழக்கத்தை நோக்குவோம். முன்னர் ஆள் ஒருவன் ஊர் ஊராகச் சென்று வாயிலில் நின்று சொல்லுவான். (அப்பணியை எளியார் தலையிற் சுமத்திய கொடுமை ஒழிந்ததற்கு யாம் வருந்தேம்.) தந்தி வந்தாலோ, பிரிக்கு முன்னரே மகளிர் அழத் தொடங்குவர். அத்தந்தியும் 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நின்றுவிட்டது. எவ்வழி வரினும், செய்தி கேட்டவர் புறப்பட்டே தீர்வர்; வேறு விடை கூற வழியில்லை. இன்றோ விடை கூற வழியுண்டு. அதுவே தீங்காயிற்று.

எம் கதையையே சொல்லுகின்றேம். சென்ற ஆண்டு எம் சின்னம்மா காலமாயினார். எமக்குச் சோறூட்டி வளர்த்தவர். விடியலில் குடும்பக் குழுவிற் செய்தி வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' என எழுதிக் கைகூப்பும் படமொன்றையும் இட்டேம். எமக்கு மேலும் கீழும் பலர் அவ்வாறே இட்டிருந்தனர். நடுவே ஒருவர் காலை வணக்கமும் ரோஜா மலரும் அனுப்பியிருந்தார். அன்று விடைத்தாள் திருத்தும் பணி. விடுப்புக் கேட்டிருப்பின் கிடைத்திருக்கும், கேட்டிலேம். இரங்கல் தெரிவித்தாயிற்று என்னும் நிறைவு எம்மை இருத்திவிட்டது.

பதினாறாம் நாள் சென்றேம். சின்னம்மாவின் மகன் உபசரித்துப் பந்தியில் அமர்த்தினான். பின்னர்த் தனியே அழைத்து, “அண்ணா, நீங்கள் கும்பிட்ட படத்தைப் பார்த்தேன். அந்நேரம் தோள் கொடுக்க நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம்” என்றான். செய்தியை யார் யார் படித்தனர் என்பதைப் பெயர் பெயராகக் காட்டும் வசதி அக்கருவியில் உண்டு. தகனம் முடிந்த இரவில் அவன் அப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அதில் எழுபது பெயர்கள். சுடுகாட்டிற்கு வந்தவர் பதினொருவர்.

யாம் ஒன்றும் கூறிலேம். கூறத்தக்கது ஒன்றும் இருந்திலது.

காரியதரிசியார்க்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கக் குழுவில் இறப்புச் செய்தி வெளியிடுங்கால், நிர்வாகிகளன்றிப் பிறர் எழுதவியலாதவாறு அடைத்து வைத்தல் வேண்டும், அவ்வசதியும் அதிலுண்டு. செல்ல இயன்றவர் செல்லட்டும். நோயாலோ தொலைவாலோ இயலாதவர் அவ்வீட்டாரை அழைத்துத் தம் குரலாற் பேசட்டும்.